சொன்னவர்: இளைய மகள்

பதினோராவது தாளை அவள் இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

இறந்தவர் ஆண். வயது ஐம்பத்திரண்டு. பஞ்சாலைத் தொழிலாளி. பெயரையும் ஊரையும் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள்.

பொதுச் சுகாதாரப் படிப்பில் மூன்றாம் ஆண்டு. செய்முறை வகுப்பு. மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே இறந்தவர்களைப் பற்றி, வீட்டாரிடம் கேட்டு எழுதிய பழைய தாள்களைப் பயிற்சிக்குக் கொடுத்திருந்தார்கள். எதனால் இறந்தார் என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு தாளை இருவர் படித்து, தனித்தனியாக எழுதி, பிறகு ஒப்பிட வேண்டும்.

“தாள்ல என்ன இருக்கோ அத வச்சுத்தான் முடிவு பண்ணணும்,” என்று மேடம் சொல்லியிருந்தார். “உங்க ஊகமெல்லாம் வேண்டாம்.”

மார்பு வலி இருந்ததா? ஆம்.

மூச்சு வாங்கியதா? ஆம்.

மூன்று வாரத்துக்கு மேல் இருமல் இருந்ததா? இல்லை.

சளியில் இரத்தம்? இல்லை.

உடல் மெலிந்தாரா? இல்லை.

சொன்னவர்: இளைய மகள். வயது பதினெட்டு.

கையெழுத்தை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எழுதியவரைத் தெரியும். சிவப்புத் துப்பட்டா போட்டு வந்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். கேள்விக்குக் கேள்வி, “கஷ்டமா இருந்தா விட்ரு பாப்பா” என்றார்.

கஷ்டமாக இருக்கவில்லை.

அப்போது அக்காவுக்குப் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை வீடு வேடசந்தூர். சாவு விழுந்ததால் தேதியைத் தள்ளிவைத்திருந்தார்களே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை. “நெஞ்சு வலின்னே சொல்லு. இருமல்னு மட்டும் வாயத் தெறந்துராத,” என்று அம்மா காலையிலேயே சொல்லிவைத்திருந்தாள். மிச்சமிருந்த மாத்திரை அட்டைகள் அதற்கு முன்பே அடுப்புக்குள் போயிருந்தன. மதுரையில் போய்ப் பார்த்த வியாதி அது. உள்ளூரில் பார்த்தால் வீட்டுக்கு ஆள் வரும். எல்லாரையும் பரிசோதிப்பார்கள். தெருவுக்கே தெரிந்துபோகும்.

ஆள் வரவில்லை. தெருவுக்கும் தெரியவில்லை.

வருஷம் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று தை மாதத்தில் கல்யாணத்தை நடத்தினார்கள்.

அப்பாவுக்குக் கடைசிவரை சோறு ஊட்டியவள் அக்காதான்.

போன மாதம் மகனுக்குக் காது குத்த வந்திருந்தாள். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. பந்தி நடந்த நேரம் முழுக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். குழந்தை அவள் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை. “பால் குடுக்குறால்ல, அதான் மெலிஞ்சுட்டா,” என்றாள் அம்மா.

இவளும் தலையாட்டினாள்.

பக்கத்தில் ஜெசிந்தா எழுதி முடித்திருந்தாள். தாளைத் திருப்பிக் காட்டினாள். மாரடைப்பு.

“நீ என்ன போட்ட?”

அவள் இன்னும் எதுவும் போட்டிருக்கவில்லை. பேனாவைத் திறந்தாள். காசநோய் என்று எழுதினாள்.

“டி.பி.யா? இருமலே இல்லேங்குதே இந்தப் பொண்ணு.”

“பொய் சொல்லுது.”

“ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“அது நான்தான்.”

ஜெசிந்தா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவள் விரல் மெதுவாகப் போய், கறுப்பு மையின் மேல் நின்றது.

மேடம் அடுத்த மேசைவரை வந்துவிட்டிருந்தார்.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அரசு மருத்துவமனை இரண்டு நிறுத்தம் தள்ளி. பேருந்துக்கு நிற்காமல் நடந்தே போனாள். காசநோய்ப் பிரிவில் பெரிய கூட்டமில்லை. சளி எடுக்கும் டப்பா வேண்டும் என்று கேட்டாள். எத்தனை பேருக்கு என்று லேப்பிலிருந்த பெண் ஊழியர் கேட்டார்.

“மூணு பேருக்கு. ஒரு கைக்கொழந்தையும் இருக்கு.”

“கொழந்தைய நேர்ல தூக்கிட்டு வரணும். எல்லாரும் ஒரே வீடா?”

“ஒரே வீடாத்தான் இருந்தோம்.”

அவர் மூன்று டப்பாக்களை எடுத்து வைத்து, மார்க்கரைத் திறந்தார்.

முதலில் அக்காவின் பெயரைச் சொன்னாள். வேடசந்தூர் முகவரியையும் சொன்னாள், கதவு எண்ணோடு. பிறகு அம்மாவின் பெயரை.

“மூணாவது?”

கழுத்திலிருந்த பல்கலைக்கழக அடையாள அட்டையைக் கழற்றி, பெயர் தெரியும்படி மேசைமேல் வைத்தாள்.