சில்லுப் பூட்டின வாசல்

எல்லாரும் சுகமா இருக்கிறியளோ, பிள்ளையள்? குளிருக்குக் காதைப் பொத்திக்கொண்டு இருந்து வாசியுங்கோ.

றோட்டுக்குக் குறுக்கால தடைக்கம்பு இறங்கிக் கிடந்தது.

அதுக்கு அங்கால மலை. மலை முழுக்கப் பனி. வானம் எது, நிலம் எது எண்டு தெரியேல்லை.

"பாத்தீரே, பூட்டிப்போட்டாங்கள்," எண்டார் வானை ஓட்டிவந்த மனுசன், பக்கத்துச் சீற்றில இருந்த மனுசிக்கு. குரலில ஒரு சந்தோசம். "திரும்புவம்."

அவ எழும்பிப் பின்னால போய் அடுப்பைப் பத்தவைச்சா.

ஓம், அடுப்புத்தான். அது வெறும் வான் இல்லை. கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாம் வைச்சு, சில்லில உருண்டு ஓடுற சில்லு வீடு. நோர்வேயில, இந்தப் பனிக்குள்ள, ஆர் அதை வாடகைக்கு எடுப்பினம்? அவ எடுத்தா.

ஆறு வருசத்துக்கு முன்னம் மகள் சிந்துஜா ஒரு வெள்ளைக்காரப் பெடியனைக் கட்டினவள். "செத்தாலும் உன்ர வாசல்படி மிதியன்," எண்டு தகப்பன் சத்தியம் பண்ணிப்போட்டார். அவள் கடற்கரைப் பக்கம் போயிட்டாள்.

இப்ப அவளுக்குப் பிள்ளை. நாளைக்குப் பிறந்து முப்பத்தோராம் நாள். துடக்குக் கழிச்சுப் பேர் வைக்கிற நாள்.

அவவுக்கு வாகனம் ஓடத் தெரியாது. மனுசனைக் கெஞ்சவும் இல்லை.

"அவள்ட வாசலை மிதிக்க வேண்டாம். எங்கட வீட்டையே கொண்டு போவம். நீங்கள் அதுக்குள்ள இருங்கோ," எண்டா.

மறுப்புச் சொல்ல அவர் ரெண்டு நாள் யோசிச்சார். மூண்டாம் நாள் சுக்கானில ஏறி இருந்தார்.

"இந்தாங்கோ, தேத்தண்ணி. வீட்டிலதானே இருக்கிறம். என்ன அவசரம்?" எண்டு தடைக்கம்படியில கோப்பையை நீட்டினா.

குடிச்சார். ரெண்டாவதும் குடிச்சார்.

மத்தியானம், மஞ்சள் லைற் சுத்திச் சுத்தி எரிய, பனி தள்ளுற வாகனம் வந்துது. கம்பு எழும்பிச்சுது. எல்லாரும் அதுக்குப் பின்னால வரிசையாப் போகவேணும். நடுவில ஒருத்தரும் திரும்பக் கூடாது.

அவ சீற் பெல்ற்றைக் கொழுவினா.

"இனித் திரும்ப ஏலாதாம்."

அவர் சுக்கானை இறுக்கிப் பிடிச்சார். முன்னுக்குப் போற காரின்ர சிவப்பு லைற் மட்டும் தெரிஞ்சுது. அதையே பாத்துக்கொண்டு ரெண்டு மணித்தியாலம்.

அவவின்ர மடியில, பிள்ளைப்பெத்தவளுக்கு இடிச்ச சரக்குத்தூள் போத்தல். அதில இருந்து அவ கையை எடுக்கேல்லை.

இறங்க இறங்கப் பனி மழையாச்சுது.

பேந்து கடல் தெரிஞ்சுது.

மகள்ட கேற்றடியில நிப்பாட்டினார். இறங்கேல்லை. நேர முன்னுக்குப் பாத்துக்கொண்டு இருந்தார்.

அவ தனிய மழைக்குள்ளால ஓடினா.

பேரப்பிள்ளை. கைக்குள்ள அடங்கிற அளவு. முகத்தில நாடி மட்டும் அப்பிடியே அந்தப் பிடிவாதக்கார மனுசன்ர நாடி.

"அப்பா?" எண்டாள் சிந்துஜா.

வெளியில என்ஜின் உறுமிச்சுது.

அவ பிள்ளையை மகளிட்டக் குடுத்தா. போறார்.

பீப். பீப். பீப்.

போகேல்லை. பின்னுக்கு வாறார்.

நிண்டுது. முன்னுக்குப் போச்சுது. திரும்பப் பின்னுக்கு. நாலு தரம். முற்றத்தில ஒரு பூச்சாடி நொறுங்கிச்சுது.

அவ கதவைத் திறந்தா. மழையைக் காணேல்லை. வாசலுக்கு நேர, ஒரு முழம் தள்ளி, சில்லு வீட்டின்ர வாசல்.

உள்ளுக்கு நிண்டு அவர் ஏதோ பொத்தானை அமத்தினார். சில்லு வீட்டின்ர படி மெல்ல வெளியால நீண்டுது. நீண்டு, மகள்ட வாசல்படியை வடிவா மூடிச்சுது.

"பிள்ளைக்கு மழை படாது," எண்டார். ஆரையும் பாக்கேல்லை.

சிந்துஜா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில ஏறக் காலை எடுத்தாள்.

"பொறு, பிள்ளை. நான் வாறன்."

குனிஞ்சு, சப்பாத்துக் கயித்தை அவிழ்க்கத் தொடங்கினார்.

உங்கட வீட்டிலயும் இப்பிடி ஒரு சத்தியம் கிடந்திருக்குமே? ஆர் படி போட்டவை? எழுதுங்கோ.