மாடி போர்ஷன்

வடக்குப்பட்டில் ஏகாம்பரத்தின் மாடி போர்ஷனில் குடிவந்தவர்கள் யாரும் ஒரு மாசம்கூடத் தாங்கியதில்லை. பின்சுவரை ஒட்டிய பட்டறையில் பிரஸ் மெஷின் தகரம் அடிக்கும் சத்தம் அப்படி. அதனால் மெஷின் நிற்கும் டீ டைமில்தான் அவர் ஆட்களை வரச் சொல்வார்.

அன்று வந்தவர்கள் இருவர். கம்பெனி யூனிபார்மில் வந்த நிலவன் மாடியைப் பார்த்துவிட்டு இறங்கினான். செந்தாமரை வாசலிலேயே சக்கர நாற்காலியில் இருந்தாள்.

ஏகாம்பரம் நிலவனிடம் கேட்டார். "இவங்க எப்படிப்பா படி ஏறுவாங்க?"

நிலவன் புன்னகையோடு தலையாட்டினான்.

"சார், வீடு வந்து..." என்றாள் செந்தாமரை.

"நீ இரும்மா, நாங்க பேசிக்கினு இருக்கோம்ல." மறுபடி அவனிடம் திரும்பினார். "நீ ஷிப்டு போய்டுவ. இவங்க தனியா வுழுந்து கிழுந்து வச்சா நான் பதில் சொல்லணும். இவங்களுக்குன்னு ஹோமெல்லாம் கீது தம்பி."

அதற்கும் தலையாட்டினான். இவ்வளவு பொறுமையாகக் கேட்கிற பிள்ளையை ஏகாம்பரம் பார்த்ததே இல்லை.

திடீரென மெஷின் ஓட ஆரம்பித்தது. செந்தாமரை காதைப் பொத்திக்கொண்டாள். நிலவன் அதே புன்னகையோடு நின்றான்.

"வீடு அவருக்கு சார்," என்று செந்தாமரை கத்தினாள். "அவருக்குக் காது கேக்காது. நான் எங்க மாற்றுத்திறனாளிங்க சங்கத்துலேர்ந்து அவருக்காகப் பேச வந்தேன். எனக்கு வல்லக்கோட்டைல சொந்த வூடு இருக்கு, தனியாத்தான் இருக்கேன்."

ஏகாம்பரத்துக்குச் சட்டென்று உறைத்தது. இந்தச் சத்தத்துக்கு இவனை விட்டால் வேறு ஆள் கிடையாது.

"வூடு புடிச்சிருக்கான்னு கொஞ்சம் கேளும்மா."

அவள் கைஜாடையில் கேட்டாள். அவனும் கைஜாடையில் சொன்னான்.

"வூடு புடிச்சிருக்காம் சார். ஓனர்தான் வாயே மூட மாட்டேங்கறாராம்."