சாத்திய ஜன்னல்

போசரி மேம்பாலத்தடியில் வரிசையாகக் கட்டிய நீலத் தார்ப்பாய்க் கூடாரங்களுக்குள் மாலை வெயில் நீலமாக இறங்குகிறது. ஆர்டர் இல்லாமல் கணவன் வேலை பார்த்த லேத் பட்டறையை மூடியதும் வாடகை வீட்டைவிட்டு இங்கே வந்தவள் கோகிலவாணி. நீலம் படிந்த முகத்தோடு, கோயம்புத்தூர் அக்காவிடம் வீடியோ காலில் சிரித்துப் பேசுகிறாள். தலைக்கு மேல் லாரிகள் அதிர்கின்றன.

"ஒரே இரைச்சலா இருக்குது கண்ணு, ஜன்னலைச் சாத்து."

"இருங்கக்கா, சாத்தறேன்."

நீட்டிய கை காற்றில் நிற்கிறது. வெளியே அடுப்புக்குப் பெட்டிப் பலகை உடைக்கும் கணவன் தனசேகரன் அதைப் பார்க்கிறான். இரண்டு பலகைகளை எடுத்து 'டப்'பென்று ஒன்றோடொன்று அடிக்கிறான். முன்னிலும் பெரிய லாரி ஒன்று மேலே போகிறது. அக்கா திரைக்கு அருகே குனிந்து தங்கையின் நீலம் படிந்த முகத்தைப் பார்க்கிறாள்.

"இப்பப் பரவால்ல கண்ணு."