சீமையிலிருந்து வந்த ரயில்

பண்டாரவளை ஸ்டேஷனிலிருந்து ஒன்பது மைல் தன் தலையில் சுமந்துவந்த மரப்பெட்டியைத் தேயிலைத் தோட்டத்துத் துரை பிரிப்பதை, தோட்டத் தபால்காரர் இருளப்பன் ஈரக் கம்பளியோடு பங்களா வாசலில் நின்று பார்க்கிறார். நமுனுகுல மலையைப் பனி மூடிவிட்டதால் பட்டப்பகலிலேயே உள்ளே விளக்கு எரிகிறது. வைக்கோலை விலக்கியதும் துரையின் கை நின்றுவிடுகிறது. சீமையிலிருந்து ஆசையாய் வரவழைத்த பொம்மை ரயிலின் பச்சை எஞ்சின் நசுங்கிக் கிடக்கிறது. "எங்கே போட்டே?" என்கிறார். "போடலீங்க தொரை. ஸ்டேசன்ல தூக்கறப்பவே உள்ள கலகலன்னுச்சு. ரயிலு சாமானு அப்படித்தான் சத்தம் போடும்னு நெனச்சேங்க." துரை நிமிரவில்லை. கழன்ற சக்கரத்தை அச்சில் பொருத்திப் பார்க்கிறார். அது நழுவி உருண்டு தரையில் விழுகிறது. இருளப்பன் குனிந்தெடுத்து இரண்டு கையாலும் நீட்டுகிறார். துரை அதை வாங்காமல் அவர் தோளில் தொங்கும் தபால் பையைக் காட்டுகிறார். "பையை வச்சிட்டுப் போ. நாளைக்குக் காலையில பெரட்டுக்கு வந்து பேரு குடுத்துட்டு மத்த ஆளுங்களோட மலை வேலைக்குப் போ." சக்கரத்தை மேசையோரம் வைத்துவிட்டு இருளப்பன் பையைக் கழற்றுகிறார். பதினோரு வருடம் வார் அழுத்திய தோள் சட்டென்று லேசாகிவிட, நடக்கத் தெரியாதவர்போல ஒருபக்கமாகச் சாய்ந்தபடியே பனிக்குள் படியிறங்குகிறார்.