கரடி கட்டிய பட்டறை

தேன்பெட்டிகள் செய்வதற்காக ஒரு கரடி தன் குகைக்குப் பின்புறம் சிறிய பட்டறை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. குழி தோண்டியது, சுவர் எழுப்பியது எல்லாம் அது தனியாகத்தான். கூரைக்கான உத்திரம் மட்டும் பாக்கி இருந்தது.

பக்கத்து மரத்துக் குரங்கு வந்து, "ஒரு கை பிடிக்கட்டுமா, கரடியண்ணே?" என்று கேட்டது.

"வேண்டாம்ப்பா. நீ ஒரு ஆணியை எடுத்துக் கொடுத்தாலும், நாளைக்கு 'நாங்க ரெண்டு பேரும் கட்டினோம்'னு காடெல்லாம் சொல்லுவே."

"சொல்லத்தான் செய்வேன்" என்று சிரித்துவிட்டுக் குரங்கு போய்விட்டது.

கரடி உத்திரத்தின் ஒரு முனையைச் சுவர்மேல் ஏற்றியது. மறுமுனைக்கு ஒரு கம்பை முட்டுக் கொடுத்துவிட்டு, ஆணி எடுக்கக் குனிந்தது. கம்பு சரிந்தது. நல்லவேளையாக, கரடி உத்திரத்தைத் தோளில் தாங்கிக்கொண்டது. ஆனால் இனி அசைய முடியாது. அசைந்தால் உத்திரம் தலைமேல் விழும். கம்போ கால் எட்டாத தூரத்தில் கிடந்தது.

மாலையில் குரங்கு திரும்பி வந்தது. "என்னண்ணே, ஏன் கால் இப்படி நடுங்குது? அந்தக் கம்பை எடுத்து நிறுத்தட்டுமா?"

கரடி கம்பைப் பார்த்தது. குரங்கின் கையைப் பார்த்தது.

"நான்தான் அதை எடுத்துப் போட்டேன். உத்திரம் எவ்வளவு கனம்னு பார்க்கிறேன். நீ போ."

"பெரிய பலசாலிதான் போங்க!"

குரங்கு புதர்களைத் தாண்டி நடக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கரடி இரண்டு முறை வாயைத் திறந்து மூடியது.

மறுநாள் கரடியின் உடலை வெளியே எடுக்க, குரங்கும் மூன்று காட்டுப்பன்றிகளும் சேர்ந்துதான் அந்த உத்திரத்தைத் தூக்கின.