முப்பத்திரண்டு வருட ஒயின்

"நிஜமாவே டாக்டர் குடிக்கலாம்னாரா?" கட்டிலில் சாய்ந்தபடி அப்பா கேட்டார்.

"ஆமாப்பா. இனிமே பத்தியமே வேண்டாம்னுட்டார். நீங்கதான் தேறிட்டீங்களே!"

அப்பா பெரிய ஹோட்டலில் நாற்பது வருடம் ஒயின் பரிமாறியவர். முதலில் தானே ருசி பார்ப்பார். கெட்டுப்போன பாட்டில் ஒன்றைக்கூட மேசைக்கு விட்டதில்லை. ஒரே மகள் நான் பிறந்த வருடத்து பிரெஞ்சு சிவப்பு ஒயின் ஒன்றை மட்டும் திறக்காமலே வைத்திருந்தார். அதைத்தான் இன்று திறந்தேன்.

கிளாஸை மெல்லச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனார். ஒரு கணம் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார்.

"பிரமாதம்மா! பழுத்த பிளம் வாசனை. தொண்டையில பட்டு மாதிரி இறங்குது."

ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

"எனக்கும் கொஞ்சம்ப்பா..."

"உனக்கெதுக்கு? மூடி வை. பூராவும் எனக்குத்தான்." சின்னப் பிள்ளை போல அடம்பிடித்தார்.

சமையலறைக்கு வந்தும் ஆசை விடவில்லை. கிளாஸில் கொஞ்சம் சரித்து ஒரு வாய் குடித்தேன். குடித்த வேகத்தில் தொட்டியில் துப்பினேன். அசல் வினிகர்.

காலையில் டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. "ஒரு மாசம் தாங்கினா பெரிசு. கேட்டதையெல்லாம் குடுங்க."

அறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "என்னம்மா, ருசி பார்த்துட்டியா?"

வாயைத் துடைத்துக்கொண்டேன். "ம்... ரொம்ப நல்லா இருக்குப்பா."

"அப்ப சரி. கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் இப்படியே சொல்லிக்குவோம்."