மாடியிலிருந்து எறிந்த பந்து

"ஏய், மூணாவது பெஞ்ச்! கையைக் கீழே போடு!"

பரீட்சை ஹாலே திடுக்கிட்டது. கண்ணாடி போட்ட அந்தப் பெண் சட்டென்று கையை மடக்கிக்கொண்டு விடைத்தாளில் குனிந்தாள்.

ஹாலில் கண்காணிப்புக்கு நின்ற வரலாற்று டீச்சருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வந்துவிட்டால் லேசில் விடுகிற ஆளா அவர்? பிள்ளைகள் அவருக்கு 'சிசிடிவி' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மறுபடி ஒரு சுற்று வந்தார்.

ஜன்னலோரம் ஒரு பையன். வலது கையை நேராக முன்னால் நீட்டினான். இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி, மெதுவாக ஆரம்பித்து வேகவேகமாகக் கீழே இறக்கினான். தனக்குத்தானே தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினான்.

கடைசி பெஞ்சில் இன்னொருத்தி. அதே வலது கை, அதே இடது கை.

மூன்று பேருக்கும் ஒரே பள்ளி யூனிஃபார்ம். மூன்று பேரும் எழுதிக்கொண்டிருந்தது ஒரே கேள்வி. மாடியிலிருந்து கிடைமட்டமாக எறிந்த பந்து எவ்வளவு தூரம் தள்ளி விழும்?

'அடப்பாவிகளா! சைகையிலேயே விடை சொல்லிக்கொள்கிறீர்களா? இருங்கள், இன்றைக்கு உங்களை விட்டேனா பார்!'

மணி அடித்ததும் மூவரையும் ஓரம் கட்டினார். ரிப்போர்ட் தாளை எடுத்து அவர்கள் நம்பர்களை மளமளவென்று எழுதினார். அது மேலே போனால் மூவருக்கும் பரீட்சை ரத்து. ஒரு வருஷப் படிப்பு அம்போ.

கண்ணாடிப் பெண்ணுக்கு அழுகை முட்டியது. "சத்தியமா காப்பியடிக்கல டீச்சர். கணக்குதான் போட்டோம்."

"கையை ஆட்டியா?"

"ஆமா டீச்சர். வலது கை, பந்து முன்னால போறது. அதை யாரும் பிடிச்சு இழுக்கல, அதனால ஒரே வேகம். இடது கை, பந்து கீழே விழறது. புவியீர்ப்பு இழுத்துக்கிட்டே இருக்கு, அதனால வேகம் ஏறிக்கிட்டே போகும். தரைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்னு இடது கையில கண்டுபிடிக்கணும். அந்த நேரத்தை வலது கை வேகத்தோட பெருக்கினா தூரம் வந்துடும்."

"யார் காதுல பூ சுத்தற? பேப்பர்ல படம் போட்டா ஆகாதா? யார் சொல்லிக்கொடுத்தா இந்தக் கூத்தை?"

"எங்க பிசிக்ஸ் சார்தான்..."

"அப்படியா சேதி! வாத்தியாரே இதுக்குக் கூட்டா? எங்கே அந்த மகானுபாவர்?"

"வெளியில நிக்கறார் டீச்சர். அவர்தான் எங்களைக் கூட்டிட்டு வந்தார்."

ஜன்னலோரப் பையன் ஓடிப்போய் அழைத்துவந்தான். ஒல்லியாக, நடுத்தர வயதில் ஒருவர். அழுகை முட்டி நின்ற முகங்களைப் பார்த்ததும் பதறிப்போய் நின்றார்.

"வாங்க சார், வாங்க! பிள்ளைங்களுக்கு நல்ல வித்தைதான் கத்துக்கொடுத்திருக்கீங்க!"

பதில் இல்லை.

"நாங்களும்தான் பாடம் நடத்தறோம். தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறோம். இப்படிக் குறுக்கு வழியா காட்டறோம்? உங்களால இதுங்களுக்கு ஒரு வருஷம் வீணாப் போகப்போகுது. கொஞ்சமாவது உறைக்குதா?"

அதற்கும் பதில் இல்லை.

"டீச்சர், அவரு..." என்று இழுத்தாள் கண்ணாடிப் பெண்.

"நீ வாயை மூடு. அவர் பேசட்டும். இப்படிக் கல்லுளிமங்கன் மாதிரி நின்னா என்ன சார் அர்த்தம்? தப்பை ஒத்துக்கறீங்கன்னுதானே?"

அவர் அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தார். கையைத் தூக்கி ஏதோ காட்டப் போனார்.

"கையைக் கீழே போடுங்க! அந்தச் சைகையெல்லாம் பிள்ளைங்களோட வெச்சுக்கங்க. எனக்கு வாயைத் திறந்து பதில் சொல்லணும். இல்லேன்னா ரிப்போர்ட் இப்பவே மேலே போகுது."

அவர் பிள்ளைகளை ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டைக் காலரை மெதுவாக விலக்கினார். தொண்டைக்குழியில் ஒரு ஓட்டை. அதில் சின்னதாக ஒரு குழாய். மூச்சு அதன் வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தது.

ரிப்போர்ட் தாள் டீச்சரின் கையிலேயே கசங்கியது.

"அவருக்குத் தொண்டையில ஆபரேஷன் டீச்சர்" என்றாள் கண்ணாடிப் பெண். "லீவு போட்டுட்டு வீட்ல இருங்கன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. எங்களைப் பாதிப் பாடத்துல விட்டுட்டுப் போக மனசு வராம, பேச்சே போனப்புறமும் தினம் ஸ்கூலுக்கு வந்து, மீதிப் பாடம் பூராவையும் கையாலேயே நடத்தி முடிச்சாரு."